கஞ்சாவுக்குக் கதவு திறந்தால் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு யார் காவல்?

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் சிரம்பானிலிருந்தும் பகாவிலிருந்தும் ஹாட்யாய்க்குக் கிளம்பும் சுற்றுலா பேருந்துகளில் நம் குடும்பங்களுக்குப் பஞ்சமிருப்பதில்லை. 2022-க்குப் பிறகு போய் வந்தவர்கள், பச்சை இலைப் படம் போட்ட கடைகளை அங்கே வழிநெடுகப் பார்த்திருப்பார்கள். பார்த்தவர்களில் பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். பிள்ளைகளோ ஒரு கேள்வியோடு திரும்பினார்கள்: “அங்கே கடையில் விற்கிறார்கள் என்றால், இங்கே மட்டும் ஏன் தப்பு?”

இந்தக் கேள்வி இப்போது பிள்ளைகளிடம் மட்டும் இல்லை. மருத்துவப் பயனுக்குக் கஞ்சாவை அனுமதிக்கலாமா, போதைப் பித்தர்களைச் சிறைக்கு அனுப்பாமல் சிகிச்சைக்கு அனுப்பலாமா என்ற விவாதங்கள் நாடாளுமன்றம் வரை போய்விட்டன. பொழுதுபோக்குக்குக் கஞ்சா விற்க இந்நாட்டில் எந்த அரசாங்கமும் முன்வரவில்லை. ஆனாலும் பேச்சு அந்தத் திசையில் போகும்போதெல்லாம் பெற்றோர் மனதில் எழுவது ஒரே பயம்தான்: சட்டம் தளர்ந்தால் பதின்ம வயதுப் பிள்ளைகள் கெட்டுப்போவார்களா?

உலக அனுபவத்தையும் நம் தோட்டங்களின் பழைய அனுபவத்தையும் சேர்த்துப் பார்த்தால் ஓரளவு தெளிவான பதில் கிடைக்கிறது. பிள்ளையின் கைக்கு ஒரு போதைப்பொருள் எவ்வளவு அருகில் இருக்கிறது, எவ்வளவு மலிவாகக் கிடைக்கிறது, விற்பவரை யாராவது கேட்கிறார்களா என்ற மூன்றும்தான் பெரும்பாலும் முடிவு செய்கின்றன. இந்த மூன்றிலும் தோட்டப்புறம் இன்று பலவீனமாக இருக்கிறது.

சட்டம் இன்று சொல்வது என்ன?

மலேசியாவில் கஞ்சா 1952-ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது. 200 கிராம் அல்லது அதற்கு மேல் வைத்திருப்பவர் கடத்தல்காரர் என்றே அனுமானிக்கப்படுகிறார். 39பி பிரிவின்படி கடத்தலுக்குக் கட்டாய மரணத் தண்டனை இருந்தது. 2018-இல் நீதிபதிகளுக்கு ஓரளவு விருப்புரிமை கிடைத்தது. 2023 ஜூலை 4 முதல் கட்டாய மரணத் தண்டனையே நீக்கப்பட்டது. மரணத் தண்டனை இன்னும் சட்டத்தில் இருக்கிறது. ஆயுள் சிறையும் பிரம்படியும் மாற்றாக விதிக்கப்படலாம்.

கடத்தல் ஒருபுறம் இருக்க, சிறுநீர்ப் பரிசோதனையில் சிக்கினாலே 15(1)(ஏ) பிரிவு பாயும். 5,000 வெள்ளி வரை அபராதம் அல்லது 2 ஆண்டுகள் வரை சிறை. அதன் பிறகு 38பி பிரிவின் கீழ் 2 முதல் 3 ஆண்டுகள் வரை கண்காணிப்பு. 18 வயது தாண்டிய ஓர் இளைஞன் ஒருமுறை சிக்கினால் வேலை விண்ணப்பம், மேற்படிப்பு எல்லாவற்றிலும் அந்தக் கறை தொடரும்.

மருத்துவப் பயன் பற்றிய விவாதம் 2018-இல் சூடு பிடித்தது. கஞ்சா எண்ணெய் வழக்கில் ஓர் இளைஞருக்கு மரணத் தண்டனை விதிக்கப்பட்டதை ஒட்டி, அத்தண்டனையை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று அன்றைய பிரதமர் துன் மகாதீரே கூறினார். 2021 நவம்பரில் அன்றைய சுகாதார அமைச்சர் கைரி ஜமாலுடின், மூவார் நாடாளுமன்ற உறுப்பினர் சைட் சாடிக்கின் கேள்விக்கு அளித்த பதிலில், சட்டத்துக்கு உட்பட்டுப் பதிவு செய்யப்பட்ட கஞ்சா மருந்துகளை இறக்குமதி செய்து பயன்படுத்தத் தடையில்லை என்றார். இது மருந்துச் சீட்டு சார்ந்த விஷயம். தெருமுனைக் கடையில் கஞ்சா விற்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆனால் நம்மிடையே சுற்றும் வாட்ஸ்அப் செய்திகளில் இரண்டும் ஒன்றாகவே குழப்பப்படுகின்றன.

தாய்லாந்தில் நடந்தது

2022 ஜூன் 9-ஆம் தேதி தாய்லாந்து கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்தது. யார் விற்கலாம், யாருக்கு விற்கலாம் என்று சொல்லும் முழுமையான சட்டம் அன்று கையில் இல்லை. முதல் வாரத்திலேயே 16, 17 வயதுச் சிறுவர்களும் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதாகப் பாங்காக் மாநகராட்சி அறிவித்தது. அதற்குப் பிறகுதான் 20 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் விற்கக் கூடாது என்ற உத்தரவு அவசர அவசரமாக வந்தது. கஞ்சாவை ஒழுங்குபடுத்தும் முழுச் சட்ட மசோதாவோ நாடாளுமன்றத்தில் நிறைவேறாமலே போனது.

அதற்குள் நாடெங்கும் ஆயிரக்கணக்கான கடைகள் முளைத்துவிட்டன. கடனை வாங்கிக் கடை போட்டவர்கள், பயிரிட்ட விவசாயிகள், சுற்றுலாவை நம்பியவர்கள் என்று ஒரு பெரிய கூட்டமே அந்தத் தொழிலில் வந்து நின்றது. 2025 ஜூன் இறுதியில் தாய்லாந்து அரசாங்கம் பின்வாங்கியது. இனி மருந்துச் சீட்டு இருந்தால்தான் கஞ்சாப் பூ வாங்கலாம் என்று விதி மாறியது. திறந்த கதவை மூடப் போனபோது ஊரே எதிர்த்து நின்றது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்த கதை அது.

கனடாவும் கொலராடோவும் சொல்வது

தாய்லாந்தை மட்டும் வைத்து முடிவுக்கு வருவது நியாயமாகாது. 2018 அக்டோபர் 17-இல் கனடா கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கியது. அங்கே ஒழுங்குமுறை முன்கூட்டியே தயாராக இருந்தது. மாநிலத்துக்கு மாநிலம் குறைந்தபட்ச வயது நிர்ணயிக்கப்பட்டது. கியூபெக் 2020 முதல் அதை 21 ஆக உயர்த்தியது. விளம்பரத்துக்குக் கட்டுப்பாடு, படமில்லாத உறை, உரிமம் பெற்ற கடை என்று வேலி போட்டுவிட்டுத்தான் விற்பனையைத் தொடங்கினார்கள். இடைநிலைப்பள்ளி மாணவர்களிடம் கனடா அரசாங்கம் நடத்திய ஆய்வில், ஓராண்டுக்குள் கஞ்சா பயன்படுத்தியதாகச் சொன்னவர்கள் 2018-19-இல் 18 விழுக்காடு. 2021-22-லும் அதே 18 விழுக்காடுதான்.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் 2014 ஜனவரியில் சில்லறை விற்பனையைத் தொடங்கியது. அங்கும் உயர்நிலைப்பள்ளி மாணவர்களின் பயன்பாடு பல ஆண்டுகள் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் என்ற அளவிலேயே நின்று, 2021-இல் குறையவும் செய்தது. ஆகவே ‘சட்டம் தளர்ந்தால் பிள்ளைகள் எல்லாரும் கஞ்சாவுக்குப் போய்விடுவார்கள்’ என்ற பயத்தை இந்தக் கணக்குகள் உறுதிப்படுத்தவில்லை.

ஆனால் இதில் மனம் நிம்மதி அடையவும் முடியாது. அந்த நாடுகளில் பயன்பாடு முன்பே உச்சத்தில் இருந்தது. ஐந்தில் ஒரு மாணவன் ஏற்கெனவே புகைக்கும் ஊரில் எண்ணிக்கை ஏறாமல் இருப்பது வேறு. கஞ்சா அரிதாக இருக்கும் ஊரில் புதிதாகக் கடை திறப்பது வேறு. கனடாவிலேயே இன்னொரு வேதனையும் நடந்தது. கஞ்சா கலந்த மிட்டாயும் கேக்கும் சந்தைக்கு வந்த பிறகு, ஒன்டாரியோ மாநிலத்தில் 10 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் அதைத் தெரியாமல் தின்று அவசரப் பிரிவுக்கு வந்தது முன்பைவிட ஒன்பது மடங்கானது. வீட்டில் பெரியவர்கள் வைத்ததைச் சின்னஞ்சிறுசுகள் எடுத்துத் தின்றன.

பருவ வயதில் ஆபத்து அதிகம் என்பதில் மருத்துவ உலகில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. மூளை ஏறக்குறைய 25 வயது வரை வளர்கிறது. அந்த வயதில் அடிக்கடி கஞ்சா பயன்படுத்தினால் நினைவாற்றலும் கவனமும் பாதிக்கப்படும். குடும்பத்தில் மனநோய் இருந்தால் அது முன்கூட்டியே வெளிப்படும் வாய்ப்பும் கூடும். பதின்ம வயதில் தொடங்குபவர்களில் ஆறில் ஒருவர் அதற்கு அடிமையாகிறார் என்பது ஆய்வாளர்கள் நீண்ட காலமாகச் சொல்லி வரும் கணக்கு.

நம் நாட்டிலேயே ஒரு சோதனை நடந்து முடிந்தது

கஞ்சாவுக்காகக் கனடா வரை போக வேண்டியதில்லை. சட்டம் தளர்ந்தால் பிள்ளைகளுக்கு என்ன ஆகும் என்பதை மின்சிகரெட் எனும் வேப் நமக்குக் காட்டிவிட்டது.

நிக்கோட்டின் திரவம் முன்பு 1952-ஆம் ஆண்டு விஷச் சட்டத்தின் கட்டுப்பாட்டில் இருந்தது. மருத்துவரும் மருந்தாளரும் தவிர மற்றவர்கள் விற்க முடியாது. இது ஏட்டில் இருந்த விதி. நடப்பில் வேப் கடைகள் எல்லா ஊரிலும் திறந்தே இருந்தன. 2017-இல் 13 முதல் 17 வயது வரையிலான மாணவர்களில் 9.8 விழுக்காட்டினர் வேப் பயன்படுத்தினர். 2022-இல் தேசிய சுகாதார ஆய்வு மீண்டும் எடுத்தபோது அது 14.9 விழுக்காடு. அதே காலத்தில் சிகரெட் புகைத்த மாணவர்கள் 13.8 விழுக்காட்டிலிருந்து 6.2 விழுக்காடாகக் குறைந்தார்கள். நாற்றமில்லாத, பழ வாசனையுள்ள, பேனா போல சட்டைப் பையில் அடங்கும் பொருள் வந்ததும் பிள்ளைகள் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். அமல்படுத்தாத தடை அவர்களைக் காக்கவில்லை.

அடுத்து நடந்தது இன்னும் மோசம். 2023 மார்ச் 31-இல் நிக்கோட்டின் திரவம் விஷப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. ஏப்ரல் 1 முதல் மில்லிலிட்டருக்கு 40 சென் வரி விதிக்கப்பட்டது. மருத்துவ அமைப்புகள் பல கடுமையாக எதிர்த்தன. வயது வரம்பு வைக்கும் புதிய சட்டம், அதாவது 852-ஆவது சட்டம், 2024 அக்டோபர் 1-இல்தான் நடைமுறைக்கு வந்தது. நடுவில் ஒன்றரை ஆண்டுகள். அந்த ஒன்றரை ஆண்டுகளில் 13 வயதுப் பிள்ளைக்கு நிக்கோட்டின் வேப் விற்ற கடைக்காரரை வயதைக் காட்டித் தண்டிக்க மத்தியச் சட்டத்தில் வழியே இல்லை. வரி வாங்கக் கணக்கு தயாராக இருந்தது. வயது கேட்கச் சட்டம் தயாராக இல்லை.

இப்போது வேப் திரவத்தில் செயற்கைக் கஞ்சாவும் மற்ற போதைப்பொருள்களும் கலந்து விற்கப்படுவதாகப் போலீஸ் தொடர்ந்து எச்சரிக்கிறது. கஞ்சாவைச் சட்டபூர்வமாக்குவது பற்றி மேலே விவாதம் நடக்கிறது. கீழே, அதன் நகல் பழ வாசனையோடு பள்ளிக்கூடம் வரை வந்துவிட்டது.

கள்ளுக்கடை மறக்கவில்லை

‘சட்டபூர்வம்’ என்ற சொல் தோட்டத் தமிழருக்குப் புதிதல்ல. காலனி ஆட்சியில் கள்ளுக்கடை உரிமத்தோடுதான் இயங்கியது. லயத்துக்குப் பக்கத்திலேயே கடை. சம்பள நாளில் வாங்கிய காசு வீடு வந்து சேருமுன் அங்கே கரைந்தது. அரசுக்கு வருமானம், தோட்டத்துக்கு அடங்கி நடக்கும் தொழிலாளி. 1941 கிள்ளான் வேலைநிறுத்தத்தில் தொழிலாளர்கள் வைத்த கோரிக்கைகளில் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் ஒன்று. போருக்குப் பின் கெடாவில் ஏ.எம்.சாமி தலைமையில் எழுந்த தொண்டர் படை கள்ளுக்கடை முன் மறியல் செய்தது. தங்கள் பிள்ளைகளைக் காக்க நம் தோட்ட மக்களே முன்னின்று நடத்திய போராட்டம் அது.

ஆனால் அந்த வரலாற்றின் மறுபாதியையும் பேச வேண்டும். கள்ளுக்கடை போன இடத்தில் சம்சு வந்து உட்கார்ந்தது. சிறு பாட்டிலில், சில வெள்ளிக்கு, மளிகைக் கடையிலேயே கிடைத்தது. பயனீட்டாளர் சங்கங்கள் பல்லாண்டு குரல் கொடுத்த பிறகு, 2017 டிசம்பர் முதல்தான் மது வாங்கும் வயது 18-லிருந்து 21 ஆக உயர்ந்தது. மறுபக்கம் கள்ளச் சாராயமும் ஒழியவில்லை. 2018 செப்டம்பரில் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்து 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கடையைத் திறந்து வைத்ததும் நம்மைக் காக்கவில்லை. வெறுமனே மூடியதும் காக்கவில்லை.

13 வயதில் ஒரு பள்ளம்

நெகிரி செம்பிலானில் 60-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றில் பல தோட்டத்தின் பெயரையே தாங்கியவை. மாணவர் எண்ணிக்கை குறைந்த பள்ளிகளும் நிறைய. அங்கே ஆசிரியருக்குப் பிள்ளையைத் தெரியும், அவன் அப்பாவைத் தெரியும், அவன் இரண்டு நாள் வராவிட்டால் காரணமும் தெரியும். ஆறாம் ஆண்டு முடிந்து புகுமுக வகுப்புக்கோ படிவம் 1-க்கோ போகும்போது அந்தப் பிள்ளை ஆயிரம் பேர் படிக்கும் இடைநிலைப்பள்ளியில் போய் நிற்கிறான். மொழி மாறுகிறது, நண்பர்கள் மாறுகிறார்கள், பள்ளி விட்டதும் பேருந்துக்குக் காத்திருக்கும் நேரம் நீள்கிறது.

வீட்டிலும் நிலைமை மாறிவிட்டது. லாபு, ரந்தாவ், செண்டாயான் பக்கங்களில் தோட்ட நிலங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறிவருகின்றன. தோட்டத்தை விட்டுத் தாமான்களுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களில் அப்பாவும் அம்மாவும் செனவாங், நீலாய் தொழிற்சாலைகளுக்கு விடியுமுன் பேருந்து ஏறுகிறார்கள். முன்பு லயத்தில் அடுத்த வீட்டுப் பாட்டி எட்டிப் பார்ப்பார். தாமானில் எல்லா வீட்டுக் கதவும் சாத்திக் கிடக்கிறது. மதியம் ஒரு மணியிலிருந்து மாலை ஏழு மணி வரை பிள்ளைக்குத் துணை கைத்தொலைபேசிதான். வேப் விற்பவரும் ஷாபு விற்பவரும் குண்டர் கும்பலுக்கு ஆள் பிடிப்பவரும் அந்த ஆறு மணி நேரத்தில்தான் வருகிறார்கள்.

கனடாவின் வேலி இங்கேயும் வேலை செய்யும் என்று நம்புபவர்கள் இந்த ஆறு மணி நேரத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டும். வேலி காகிதத்தில் போடப்படலாம். அதைக் காவல் காக்க அதிகாரி வேண்டும். பெருநகரத்தில் சோதனை நடக்கும். பகாவ் தாண்டி உள்ளே இருக்கும் தோட்டத்துக் கடைக்கு அமலாக்க அதிகாரி எத்தனை முறை வருவார்?

இரண்டு கேள்விகளைப் பிரித்துப் பார்ப்போம்

‘சட்டபூர்வமாக்கு’ என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு கோரிக்கைகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, கஞ்சாவைக் கடையில் வைத்து விற்பது. மற்றொன்று, பயன்படுத்திச் சிக்கியவரைக் குற்றவாளியாக்காமல் நோயாளியாகப் பார்ப்பது.

முதலாவதற்கு நம் சமுதாயம் தயங்குவதில் நியாயம் உண்டு. வேப் விஷயத்தில் வயது வரம்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்ட நாடு, கஞ்சாவில் மட்டும் முறையாக நடந்துகொள்ளும் என்று நம்ப இதுவரை ஆதாரம் இல்லை. அந்த அலட்சியத்துக்கு முதலில் விலை கொடுப்பது மேலாளரின் பிள்ளையாக இருக்காது. தோட்டத்துப் பிள்ளையாகத்தான் இருக்கும்.

இரண்டாவதை மட்டும் பயத்தில் தள்ளிவிடக் கூடாது. பயன்படுத்திப் பிடிபட்ட 19 வயதுப் பையனைக் குற்றப் பதிவோடு வெளியே அனுப்பினால், அவனுக்கு வேலை கொடுக்க முதலாளி யோசிப்பார். குண்டர் கும்பல் யோசிக்காது. மகன் பழகிவிட்டான் என்று தெரிந்த பிறகும் ‘போலீஸ் வந்துவிடுமே’ என்று வாய்மூடி இருக்கும் பெற்றோர், சிகிச்சை பலிக்கும் காலத்தைத் தவற விடுகிறார்கள். 1983-ஆம் ஆண்டு போதைப் பித்தர் சிகிச்சை, மறுவாழ்வுச் சட்டத்தின் 8-ஆவது பிரிவு, தாமாக முன்வந்து சிகிச்சை கேட்க ஏற்கெனவே வழி வைத்திருக்கிறது. ஏ.ஏ.டி.கே. எனப்படும் தேசியப் போதைப்பொருள் தடுப்பு நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேட்கலாம். முதல் உதவிக்கு 15999 என்ற தாலியான் காசே எண்ணுக்கு எந்நேரமும் அழைக்கலாம். இந்த வழி இருப்பதே தோட்டங்களில் பலருக்குத் தெரியாது.

இப்போதே செய்யக்கூடியவை

நாடாளுமன்றம் முடிவு எடுக்கும் வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலைகள் சில உண்டு. 852-ஆவது சட்டப்படி 18 வயதுக்குக் குறைந்தவருக்கு வேப் விற்பது இன்று குற்றம். எந்தக் கடை பள்ளிச் சீருடைக்கு விற்கிறது என்பது பிள்ளைகளுக்குத் தெரியும், பெரும்பாலும் பெற்றோருக்கும் தெரியும். தனி ஆளாகப் புகார் கொடுக்கப் பயமிருந்தால் பெற்றோர் ஆசிரியர் சங்கமோ ஆலய நிர்வாகமோ மாவட்ட சுகாதார அலுவலகத்துக்குக் கடிதம் எழுதலாம். ஒரு கடையின் மீது நடவடிக்கை பாய்ந்தால் அடுத்த கடை தானாக வயது கேட்கும்.

ஆறாம் ஆண்டு முடிக்கும் பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளி வாழ்த்தி அனுப்புவதோடு நிறுத்தாமல், அவர்கள் சேரும் இடைநிலைப்பள்ளியின் ஆலோசக ஆசிரியரிடம் பெயர் சொல்லி ஒப்படைக்கலாம். யாருக்கு வீட்டில் துணை இல்லை, யாருக்கு அண்ணன் ஏற்கெனவே சிக்கலில் இருக்கிறான் என்பது ஆறு ஆண்டுகள் பார்த்த ஆசிரியருக்குத் தெரியும். ஆலய மண்டபங்கள் திருவிழாவுக்கும் திருமணத்துக்கும் மட்டும் திறக்கின்றன. வார நாள் மதியங்களில் அவற்றைப் பிள்ளைகளின் படிப்புக்கும் விளையாட்டுக்கும் திறந்துவிட்டால், அந்த ஆறு மணி நேரத்தில் பாதியாவது நம் கையில் இருக்கும்.

நம் மக்கள் பிரதிநிதிகளிடம் கேட்க வேண்டியதும் தெளிவானதுதான். எந்தப் போதைப்பொருளின் சட்டத்தைத் தொட்டாலும் வயது வரம்பும் அமலாக்க ஆளும் சிகிச்சை நிலையமும் அன்றே நடைமுறையில் இருக்க வேண்டும். ஒன்றரை ஆண்டு கழித்து வரக் கூடாது. அடுத்த முறை வாக்குக் கேட்டு தோட்டத்துக்கு வருபவரிடம், பகாவுக்கும் கெமாஸுக்கும் எத்தனை அமலாக்க அதிகாரிகள் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். அவர் சொல்லும் எண்ணிக்கையை வைத்து, கதவைத் திறக்கலாமா என்பதை நாமே முடிவு செய்துகொள்ளலாம்.